எம்.பி.ஏ. கடனும் பி.காம். கணக்கும்

பி.காம். முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் தேர்வு முடிவு வந்த கையோடு ஒரே பேச்சுதான். ‘வெறும் பி.காமை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறான்? கடன் வாங்கியாவது நல்ல காலேஜாகப் பார்த்து எம்.பி.ஏ. சேர்த்துவிடுங்கள்.’ பெரியப்பா சொல்கிறார், எதிர்வீட்டுக்காரர் சொல்கிறார், யூடியூபில் கல்வி ஆலோசகர் சொல்கிறார். நல்ல காலேஜ் என்று அவர்கள் குறிப்பிடுவது பெரும்பாலும் அதிகக் கட்டணம் வாங்கும் காலேஜைத்தான். கட்டணம் அதிகம் என்றால் வசதி அதிகம், கம்பெனிகள் அதிகம், சம்பளமும் அதிகம் என்று கணக்கு தானாக முடிந்துவிடுகிறது.

இந்தப் பேச்சுக்குள் மூன்று நம்பிக்கைகள் ஒளிந்திருக்கின்றன. பி.காம். பட்டத்துக்குச் சந்தையில் மதிப்பில்லை. எம்.பி.ஏ. சேர்ந்தால் சம்பளம் உயரும். கட்டணம் கூடக்கூடப் பலனும் கூடும் என்பதால் கடன் ஒரு முதலீடு. நடுத்தர, ஏழைக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இம்மூன்றுமே பொருந்தாது என்பதே என் வாதம். இவற்றை நம்பி நகையை அடகு வைக்கும் பெற்றோருக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லியாக வேண்டும்.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். அதன் ஊற்று ஐ.ஐ.எம்.கள். 1961இல் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கப்பட்ட அந்நிறுவனங்களில் படித்தவர்கள் பெரிய கம்பெனிகளின் தலைமைப் பதவிகளுக்குப் போனார்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இரண்டாண்டுப் படிப்புக்கான கட்டணம் இன்று 24 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அங்கே படித்து வெளிவருபவர்களுக்கு அந்தக் கட்டணத்தைச் சில ஆண்டுகளிலேயே மீட்டுவிடும் சம்பளம் கிடைப்பதும் உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாசலில் நுழைவதற்கான கேட் தேர்வை ஆண்டுதோறும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிறார்கள், எல்லா ஐ.ஐ.எம்.களையும் சேர்த்தாலும் இடங்கள் சில ஆயிரம்தான். உள்ளே போகிறவர்களில் பெரும்பகுதியினர் பொறியியல் படித்தவர்கள், பலர் ஏற்கெனவே வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்கள். கம்பெனிகள் தேடிவந்து சம்பளம் கொடுப்பதற்குக் காரணம், இத்தனை பேரைச் சலித்து எடுத்தவர்கள் ஒரே இடத்தில் கிடைக்கிறார்கள் என்பது. வகுப்பில் நடத்தும் பாடம் அந்தக் காரணத்தில் ஒரு பங்குதான்.

சலிப்பதே இல்லாமல், பணம் கட்டினால் இடம் என்று நடத்தும் கல்லூரி அதே மூன்றெழுத்துப் பட்டத்தைத் தருகிறது. ஐ.ஐ.எம். பட்டத்துக்குக் கிடைக்கும் சம்பளத்தைக் காட்டி இந்தப் பட்டத்தை விற்பதுதான் ஏமாற்றின் தொடக்கம். நுழைவுத் தேர்வு மதிப்பெண் எதுவாக இருந்தாலும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் தருகிற கல்லூரியிடம், கம்பெனிகள் நம்புவதற்கான சலிப்பு எதுவும் இல்லை. கட்டணத்தை எவ்வளவு ஏற்றினாலும் அது வந்துவிடாது.

பலனை அளப்பதில் இருக்கும் இந்தச் சிக்கலைப் பொருளியலாளர்கள் நெடுநாளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. இளநிலைப் படிப்புக்குப் பெயர்பெற்ற கல்லூரிகளில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரியில் சேர்ந்தவர்களை, அதே தகுதியோடு அங்கேயே சேர்ந்தவர்களோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். பெரும்பாலோரின் பிற்கால வருமானத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கல்லூரியின் பெயரால் வந்ததாகத் தோன்றிய சம்பளத்தில் பெரும்பகுதி, அந்த மாணவர் தன்னோடு கொண்டுவந்த திறமைக்குக் கிடைத்தது. வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கல்லூரி உண்மையிலேயே கூடுதல் பலன் தந்தது. இதை எனக்கெதிராகக் காட்டலாம். ஏழைப் பிள்ளைக்குத்தானே நல்ல கல்லூரி தேவை என்று கேட்கலாம். தேவைதான். ஆனால் அந்த ஆய்வு பேசுவது தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கல்லூரியைப் பற்றி. விலை அதிகமான கல்லூரியைப் பற்றி அல்ல. தமிழ்நாட்டில் டான்செட் நுழைவுத் தேர்வு மதிப்பெண் பார்த்துச் சேர்க்கும் அரசுப் பல்கலைக்கழகத் துறைகள் பல, பெரிய தனியார் கல்லூரிகளைவிடக் கட்டணம் குறைந்தவை. தகுதியும் விருப்பமும் உள்ள பிள்ளை அங்கே போகட்டும், நான் கைதட்டி அனுப்பிவைப்பேன். என் எதிர்ப்பு, சலிக்காமல் சேர்த்துச் சலித்தவற்றின் விலையை வாங்கும் கல்லூரிகளோடுதான்.

இனி அந்தக் கல்லூரிகள் கையில் கொடுக்கும் வண்ண அறிக்கையைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். முதல் பக்கத்தில் ‘100 சதவீத ப்ளேஸ்மென்ட்’ என்றிருக்கும். நூறு என்பது எத்தனை பேரில் என்று எங்கும் இருக்காது. அரியர் வைத்திருப்பவர்கள் முதலிலேயே கழிக்கப்படுகிறார்கள். ‘எனக்கு வளாக வேலை வேண்டாம், சொந்தத் தொழில் பார்க்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் அடுத்து கழிக்கப்படுகிறார்கள். மிஞ்சியவர்களுக்குள்தான் நூறு. ஒரே மாணவிக்கு மூன்று கம்பெனிகள் கடிதம் கொடுத்திருந்தால் அதை மூன்று வேலையாக எண்ணுவதும் நடக்கிறது. அடுத்த பக்கத்தில் ‘உச்சபட்சச் சம்பளம்’ என்று ஒரு பெரிய எண்ணும் ஒரு சிரித்த முகமும். வகுப்பில் ஒருவருக்குக் கிடைத்த சம்பளம் மற்றவர்களுக்கு எதையும் உணர்த்தாது. சராசரியும் நம்பத்தக்கதல்ல, இரண்டு பேரின் பெரிய சம்பளம் ஐம்பது பேரின் சராசரியைத் தூக்கிவிடும். எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரின் சம்பளத்தைக் கேட்க வேண்டும். அந்த எண்ணை அறிக்கையில் தேடிப்பாருங்கள், கிடைக்காது.

அறிக்கையில் இருக்கும் சம்பளம்கூடக் கைக்கு வரும் சம்பளம் அல்ல. அங்கே இருப்பது ‘சி.டி.சி.’, அதாவது ஓர் ஊழியருக்காகக் கம்பெனி ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை. ஆண்டுக்கு 3,60,000 என்றால் மாதம் 30,000 என்று பெற்றோர் வகுத்துப் பார்த்து மகிழ்கிறார்கள். அதில் பத்து சதவீதம் டார்கெட்டை எட்டினால்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் 3,000 போயிற்று. கம்பெனி செலுத்தும் பி.எஃப். பங்கு 1,800 போயிற்று. கிராஜுவிட்டிக்கென்று ஒதுக்குவது, காப்பீட்டு பிரீமியம் என்று இன்னும் ஆயிரத்தைச் சொச்சம். பிறகு ஊழியரின் சொந்த பி.எஃப். பங்கு 1,800, தொழில்வரி. கடைசியில் வங்கிக் கணக்கில் விழுவது 22,000க்கு அருகில்.

கடன் பக்கத்தைப் பார்ப்போம். கட்டணமும் விடுதியும் சேர்த்து 6 இலட்சம் கடன், ஆண்டுக்கு 3 இலட்சம் வீதம், வட்டி 11 சதவீதம் என்று கொள்வோம். படிக்கும் இரண்டு ஆண்டும் முடித்தபின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். தவணை தொடங்கும் நாளில் கடன் 7,65,000 ஆகியிருக்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 10,500 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 12,60,000க்கு மேல் போயிருக்கும். வாங்கியதைப்போல் இரண்டு பங்கு. கைக்கு வரும் 22,000இல் இது போக மிச்சம் 11,500. சென்னையில் விடுதி வாடகையும் சாப்பாடும் போனால் ஊருக்கு அனுப்ப என்ன இருக்கும்?

இப்போது அதே வகுப்பில் பி.காம். முடித்து, எம்.பி.ஏ. சேராமல் வேலைக்குப் போன தோழியை அருகில் நிறுத்துவோம். தொடக்கத்தில் 15,000, அடுத்த ஆண்டு 18,000 என்று எளிமையாகவே வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு ஆண்டில் அவள் சம்பாதித்தது ஏறத்தாழ 4 இலட்சம். எம்.பி.ஏ. சேர்ந்தவர் இழந்த இந்த 4 இலட்சத்தை எந்தக் கல்லூரியும் செலவுக் கணக்கில் காட்டுவதில்லை. ஒப்பீட்டிலும் பெரும்பாலும் தவறு நடக்கிறது. இருபத்து மூன்று வயது எம்.பி.ஏ.யின் முதல் சம்பளத்தை இருபத்தொரு வயது பி.காமின் முதல் சம்பளத்தோடு ஒப்பிட்டு, ‘பார்த்தீர்களா வித்தியாசத்தை’ என்கிறார்கள். இரண்டு ஆண்டு அனுபவத்தோடு 20,000 வாங்கும் பி.காமோடு ஒப்பிடுவதுதான் முறை. கடனை அடைப்பதற்கு மட்டுமே இந்த எம்.பி.ஏ. அந்த பி.காமைவிட மாதம் 10,500 ரூபாய் கூடுதலாகக் கையில் தர வேண்டும், அதுவும் பத்து ஆண்டு தொடர்ந்து. இழந்த வருமானத்தை மீட்க அதற்கும் மேல் வேண்டும். கல்லூரியின் பலனை அளக்க வேண்டிய அளவுகோல் இதுதான்.

நடுத்தரக் கல்லூரி ஒன்றின் எம்.பி.ஏ. வகுப்பு எங்கே வேலைக்குப் போகிறது என்று பார்த்தால், மாதம் 10,500 கூடுதல் எளிதில் வராது என்பது புரியும். தனியார் வங்கிகளில் கணக்கு பிடிக்கும் வேலை, நிதி நிறுவனங்களில் கடன் வசூல், காப்பீட்டு விற்பனை, ஆன்லைன் படிப்புகளைத் தொலைபேசியில் விற்பது, பி.பி.ஓ. இவற்றில் எந்த வேலையும் கேவலமில்லை. ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை பட்டப்படிப்பு முடித்த யாருக்கும் திறந்திருக்கும் வேலைகள். பக்கத்து மேசையில் பி.காம். முடித்தவர் அதே டார்கெட்டோடு உட்கார்ந்திருக்கிறார். ஆறு இலட்சம் கொடுத்து வாங்கியது, அதே மேசையில் இரண்டு ஆண்டு தாமதமாக உட்காரும் உரிமையைத்தான்.

சரி, பி.காமுக்கு மதிப்பில்லை என்கிற முதல் நம்பிக்கைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 160க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே சேர்க்கை தொடங்கினால் முதலில் நிறையும் இடங்களில் பி.காம். இடங்களும் உண்டு. ஆண்டுக் கட்டணம் சில ஆயிரத்துக்குள் முடியும். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் அரசே தருகிறது. உதவித்தொகை பெறும் பிள்ளை கட்டுவதைவிடப் பெறுவது அதிகமாகவே இருக்கும். மூன்று ஆண்டு முடித்து வெளியே வரும்போது கையில் ஒரு பட்டம் இருக்கிறது, கழுத்தில் கடன் இல்லை.

அந்தப் பட்டத்துக்கு வேலை எங்கே என்றால், திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒரு மாதத்தைக் கவனித்தால் போதும். 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபின் மாதத்துக்கே ஒரு தாளம் வந்துவிட்டது. 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தை ஜி.எஸ்.டி.ஆர்-1இல் ஏற்ற வேண்டும். 14ஆம் தேதி வரும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையோடு நூல்காரர், சாயப்பட்டறை, அட்டைப்பெட்டிக்காரர் கொடுத்த பில்களை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். விடுபட்ட பில்லுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளீட்டு வரி வரவு போய்விடும். 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டி ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கல் செய்ய வேண்டும். இடையில் இ-வே பில், ஷிப்பிங் பில், டிராபேக் கணக்கு. இதைத் தவறில்லாமல் செய்யத் தெரிந்தவரை எந்த முதலாளியும் விடமாட்டார். திருப்பூரில் மட்டுமில்லை, கரூர், ஈரோடு, சிவகாசி, நாமக்கல் என்று தொழில் நடக்கும் ஊரிலெல்லாம் இந்த வேலை இருக்கிறது. ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஓராண்டு உட்கார்ந்தால் இதைச் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுக்கொள்ளலாம்.

மேலே ஏறவும் வழி உண்டு. பொதுத்துறை வங்கி அதிகாரி தேர்வுக்கு வேண்டியது ஏதாவதொரு பட்டம். 2024இல் கையெழுத்தான ஊதிய ஒப்பந்தத்தின்படி அந்த அதிகாரியின் தொடக்க அடிப்படை ஊதியமே 48,480 ரூபாய், படிகள் தனி. பல எம்.பி.ஏ. கல்லூரிகளின் விளம்பரச் சம்பளம் இதைத் தொடுவதில்லை. சி.ஏ. படிப்புக்கு, தேர்வுகளை முதல் முயற்சியிலேயே எழுதித் தேறினால், நிறுவனத்துக்குக் கட்டும் தொகை அடிப்படைத் தேர்விலிருந்து இறுதித் தேர்வுவரை ஏறத்தாழ ஒரு இலட்சத்துக்குள் அடங்கும். ஆர்ட்டிகிள்ஷிப் காலத்தை 2023 முதல் மூன்றிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைத்துவிட்டார்கள், அந்தக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. இரண்டும் கடினம் என்பதை மறைக்கவில்லை. வங்கித் தேர்வை இலட்சக்கணக்கானோர் எழுதுகிறார்கள், சி.ஏ. எழுதுபவர்களில் பெரும்பாலோர் முதல் முயற்சியில் தேறுவதில்லை. ஆனால் இங்கே தோற்றால் இழப்பது நேரமும் உழைப்பும். கடன் எம்.பி.ஏ.யில் தோற்றால் அவற்றோடு பத்து ஆண்டுத் தவணையும் சேர்ந்துகொள்கிறது. கணக்கு, வரி, வங்கி பற்றிப் படித்ததும் வீணாகாது. தேர்வில் தவறியவர் அடுத்த நாள் வேலைக்குப் போகும்போது அந்த அறிவோடுதான் போகிறார்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. பல பி.காம். வகுப்புகளில் பாடம் சரியாக நடப்பதில்லை. டேலி தெரியாமல், ஒரு மின்னஞ்சலைப் பிழையில்லாமல் எழுத முடியாமல் பட்டதாரிகள் வெளியே வருகிறார்கள். இது உண்மை, வேதனையான உண்மை. ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்க, கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டும் அரசும் இதற்குப் பொறுப்பு. ஆனால் டேலியும் எக்ஸெலும் பேச்சு ஆங்கிலமும் கற்க ஆறு இலட்சம் ஆகாது. சில ஆயிரத்திலும் ஆறு மாதத்திலும் கற்கலாம். 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிக்குள்ளேயே இத்தகைய பயிற்சிகளை இலவசமாகத் தருகிறது. குறை இருக்கும் இடத்தில் குறையைச் சரிசெய்வதை விட்டு, அதே குறையோடு இன்னொரு பட்டத்தை அதன்மேல் அடுக்குவது தீர்வாகாது. பி.காமில் கணக்கு பிடிபடாத மாணவருக்கு எம்.பி.ஏ.யின் நிதி மேலாண்மை எப்படிப் பிடிபடும்?

‘எம்.பி.ஏ. இல்லாவிட்டால் பதவி உயர்வு கிடைக்காது’ என்பது அடுத்த வாதம். சில கம்பெனிகளில் அப்படி விதி இருக்கிறது. அங்கே வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். இக்னோவின் எம்.பி.ஏ.க்கு மொத்தக் கட்டணம் ஒரு இலட்சத்துக்கும் குறைவு. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்று 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு தெளிவாக அறிவித்துவிட்டது. ஐந்து ஆண்டு வேலை பார்த்தவர், தனக்கு விற்பனையா, நிதியா, மனிதவளமா எது ஒத்துவரும் என்று தெரிந்தபின் படிக்கும் மேலாண்மை, அலுவலக வாசலையே மிதிக்காத மாணவர் படிப்பதைவிடப் பல மடங்கு பயன்படும். தொடர்புகள் கிடைக்கும் என்பார்கள். உடன் படிப்பவர்கள் யார் என்பதைப் பொறுத்தே தொடர்பின் மதிப்பு. வேலைக்கு அலையும் அறுபது பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவுக்கு ஆறு இலட்சம் கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக, ‘கடன் ஒரு முதலீடு’ என்ற வசனம். முதலீடு என்றால் நட்டத்தையும் யாரோ ஏற்க வேண்டும். இங்கே கல்லூரி முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிவிடுகிறது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதற்கு ஒன்றுமில்லை. நட்டம் முழுவதும் மாணவர் தலையிலும், இணைக்கடன்தாரராகக் கையெழுத்துப் போட்ட அப்பா, அம்மா தலையிலும். இரண்டு தவணை தவறினால் சிபில் மதிப்பெண் சரியும். பிறகு தங்கையின் படிப்புக்கும் வீட்டுக்கும் கடன் கேட்டுப் போகும்போது அந்தப் பெயர் குறுக்கே நிற்கும். 2024 நவம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலக்ஷ்மி கல்விக்கடன் திட்டம்கூட எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தாது. தரவரிசையை வைத்துத் தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்குத்தான், தொடக்கத்தில் அவை 860. உத்தரவாதம் தரும் அரசே கல்லூரி பார்த்துத் தருகிறபோது, குடும்பம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது என்ன நியாயம்?

குடும்பங்கள் சரியாக ஒப்பிட வேண்டுமென்றால் ஒப்பிடுவதற்கான எண்கள் வேண்டும். அது முடியாத காரியமில்லை. வேலைவாய்ப்பு அறிக்கைக்கு ஒரு பொது வடிவத்தை அகமதாபாத் ஐ.ஐ.எம். முன்னின்று உருவாக்கி, வெளித் தணிக்கையோடு வெளியிட்டுவருகிறது. 2016 முதல் வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் இடைநிலைச் சம்பளத்தைத் தருகின்றன. ஆனால் அது கல்லூரிகள் தாமே எழுதித் தருவது, பங்கேற்காத கல்லூரிக்கு அந்தக் கடமையும் இல்லை. அமெரிக்கக் கல்வித் துறை 2015இல் புதுப்பித்து வெளியிட்ட கல்லூரி மதிப்பெண் பட்டியலில், முன்னாள் மாணவர்களின் வருமானம் வரித்துறைப் பதிவுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. கல்லூரி சொல்வதை அங்கே யாரும் நம்ப வேண்டியதில்லை. நம்மிடமும் பி.எஃப். கணக்கெண் இருக்கிறது. பெயர்களை மறைத்துக் கல்லூரிப் பட்டியலோடு அதைப் பொருத்தினால், ஒவ்வொரு கல்லூரியின் எம்.பி.ஏ., பி.பி.ஏ., பி.காம். மாணவர்கள் மூன்று ஆண்டுக்குப் பிறகு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று அரசால் வெளியிட முடியும். 2024-25 முதல் பி.பி.ஏ.வும் ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி வரம்புக்குள் வந்துவிட்டது. அனுமதி கொடுக்கும் அமைப்பு இந்த எண்ணை வெளியிடுவதை அனுமதிக்கு நிபந்தனையாக்கினால் போதும், பாதி விளம்பரங்கள் அடுத்த ஆண்டே அடங்கிவிடும்.

அதுவரை பெற்றோர் கேட்க வேண்டியது நான்கே கேள்விகள். சென்ற ஆண்டு சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன? அதில் கைக்கு வருவது எவ்வளவு? அந்த வேலைக்கு பி.காம். போதாதா? பதிலை எழுத்தில், முத்திரையோடு கேளுங்கள். எழுதித்தர மறுக்கும் கல்லூரிக்கு அட்வான்ஸ் கட்டாதீர்கள். பி.காம். முடித்த பிள்ளையை ‘வெறும் பி.காம்.’ என்று சொல்வதையும் நிறுத்துங்கள். கடனில்லாமல் ஒரு பட்டத்தை முடித்து, இருபத்தொரு வயதில் சம்பாதிக்கத் தயாராக நிற்கும் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்க வேண்டியது மரியாதை. மேலே படிப்பதா, எங்கே, எப்போது என்பதைச் சொந்தச் சம்பளத்தில் காலூன்றி நின்று அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.